கட்டும் உரிமை

ஒரு சமூகத்துக்குக் கட்டிடக்கலை உண்டா, இல்லையா என்ற கேள்வி, மேலோட்டமாக நோக்குமிடத்து, கலை வரலாற்று அறிஞர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியதொன்றாகத் தோன்றும். ஆனால் அக்கேள்விக்குள் வேறொரு கேள்வி மறைந்திருக்கிறது. "இவர்களுக்குக் கட்டத் தெரியுமா?" என்று ஒரு கூட்டத்தாரைக் குறித்துக் கேட்பவர், பெரும்பாலும், "இவர்கள் நம்மைப் போன்ற முழு மனிதர்கள்தாமா?" என்றே கேட்கிறார். ஆகவே இது அறத்தைப் பற்றிய கேள்வியுமாகிறது.

பதுளைப் பிரதேசத்துக்கு வருவோர் பார்த்து வியக்கும் கட்டிடங்களை எண்ணிப் பாருங்கள். நகரின் நடுவே முதியங்கணை விகாரை இருக்கிறது. ஹாலி-எலவுக்கு அருகே, பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்த, கூரையிட்ட போகொட மரப்பாலம் இருக்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. அப்புத்தளையில் சேர் தொமஸ் வில்லியர்ஸ் 1931இல் எழுப்பிய அடிஷம் மாளிகையும், தம்பேதென்னவில் லிப்டன் 1890இல் நிறுவிய தேயிலைத் தொழிற்சாலையும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு வரலாறும் உண்டு. இவற்றுக்கிடையே, பசறை முதல் கொஸ்லந்தை வரை, மலைச்சரிவெங்கும் தகரக் கூரையோடு நீண்டு கிடக்கும் லயன்களைக் காண எவரும் வருவதில்லை. அவற்றுக்கு இலக்கம் மட்டுமே உண்டு.

"மலையகத் தமிழருக்குப் பாட்டு உண்டு, காமன் கூத்து உண்டு, சொந்தமான கட்டிடக்கலை என்று எதுவுமில்லை" என்று நம்மிடையே கற்றவர்களும் சொல்வதுண்டு. இக்கூற்றை எடைபோடுவதற்கு நாம் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும். ஏனெனில், இதே கூற்று ஒரு காலத்தில் ஒரு கண்டம் முழுவதையும் பற்றிச் சொல்லப்பட்டது. ஆபிரிக்காவையே கருதுகிறேன்.

நம் பாடசாலைகளில் உலக வரலாறு கற்பிக்கப்படும்போது ஆபிரிக்கக் கட்டிடக்கலை பெரும்பாலும் எகிப்தியப் பிரமிட்டுகளோடு தொடங்கி அவற்றோடேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னர் அக்கண்டம் மூவாயிரம் ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது போலும்! உண்மை அதுவன்று. எதியோப்பியாவின் லாலிபெலாவில், மாமல்லபுரத்து இரதங்களைப் போல, ஒரே பாறையைக் குடைந்து செதுக்கிய பதினொரு தேவாலயங்கள் உள்ளன. மாலியின் ஜென்னே நகரில் மண்ணாலேயே எழுப்பிய மாபெரும் பள்ளிவாசல் நிற்கிறது. முதற் பள்ளிவாசல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர்; இன்றிருப்பது 1907இல் மீளக் கட்டப்பட்டது. மழையில் கரையும் அதன் சுவருக்கு ஆண்டுதோறும் ஊரே திரண்டு மண் பூசுகிறது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளே அவ்வேலைக்குச் சாரமாகவும் பயன்படுகின்றன. கட்டுவதோடு கட்டிடக்கலை முடிந்துவிடுவதில்லை, பேணுவதும் திருத்துவதும் அதன் பகுதியே என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

தெற்கே, இன்றைய சிம்பாப்வே நாட்டில், 11ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையே ஒரு கல் நகரம் எழுந்தது. அதன் பெரிய மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 250 மீற்றர். உயரம் சில இடங்களில் 11 மீற்றர். சாந்து எதுவுமின்றி, கருங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே அதைக் கட்டினார்கள். 1871இல் அங்கு சென்ற கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர், இது சேபா நாட்டு அரசியின் மாளிகையோடு தொடர்புடையது என்று முடிவு கட்டினார். பினீசியர் கட்டினர் என்றனர் வேறு சிலர். அராபியர் என்றனர் இன்னும் சிலர். அந்தக் கற்களின் அருகேயே வாழ்ந்துகொண்டிருந்த ஷோனா மக்களின் முன்னோர் கட்டியிருக்கக்கூடும் என்ற எளிய உண்மைக்கு மட்டும் அவர்கள் மனத்தில் இடமிருக்கவில்லை.

1905இல் ராண்டல்-மக்ஐவரும், 1929இல் கேர்ட்ரூட் கேட்டன்-தொம்ப்சனும் அகழாய்வு செய்து, இது ஆபிரிக்கர் கட்டியதே என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவினர். அதன் பின்னரும் றொடீசியாவின் வெள்ளையர் அரசு அவ்வுண்மையை ஒளித்துவைக்க முயன்றது. அதற்கு உடன்படாத தொல்லியலாளர் பீற்றர் கார்லேக் 1970இல் அந்நாட்டை விட்டு வெளியேறினார். ஓர் அரசு சில கற்களைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? விடை எளிது. இம்மக்களுக்கு நகரம் கட்டத் தெரியும் என்று ஒப்புக்கொண்டால், இம்மக்களுக்கு நாட்டை ஆளவும் தெரியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். 1980இல் விடுதலை பெற்ற அந்நாடு, அக்கல் நகரத்தின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது.

கட்டியதை மறுப்பது ஒரு கொடுமை. கட்டவிடாமல் தடுப்பது அதைவிடப் பெரிய கொடுமை. கிம்பர்லியில் வைரம் கண்டெடுக்கப்பட்ட பின்னர், 1885 முதல், ஆபிரிக்கச் சுரங்கத் தொழிலாளரை அடைத்துவைக்கும் கொட்டடிகள் அங்கே எழுந்தன. நடுவே முற்றம், நாற்புறமும் வரிசையாகத் தகரக் கொட்டகைகள், மேலே கம்பிவலை. ஒப்பந்த காலம் முடியும்வரை தொழிலாளி வெளியே செல்ல முடியாது. மண்ணைப் பிசைந்து வட்டமாக வீடெடுக்கவும், குடும்பம் பெருகும்போது அருகே இன்னொரு வீடெடுக்கவும் அறிந்த ஒரு மக்கள், இங்கே படுக்கும் இடத்துக்கு மட்டுமே உரியவர்கள் ஆக்கப்பட்டனர். அவர்களுடைய கட்டிடக்கலை மறைந்துபோகவில்லை. கொட்டடியின் வாசலில் அது நிறுத்திவைக்கப்பட்டது.

இனி ஊவாவுக்குத் திரும்புவோம். இம்மலைகளின் நிலவரலாறு, 1817-18ஆம் ஆண்டுகளில் பிரித்தானியருக்கெதிராக ஊவாவின் சிங்கள விவசாயிகள் எழுந்து நசுக்கப்பட்டதிலிருந்து பிரிக்க முடியாதது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுடைமையாக்கிற்று. அவ்வாறு எடுக்கப்பட்ட நிலங்கள் தோட்ட முதலாளிகளின் கைக்குப் போயின. அந்நிலத்தில் உழைக்கத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். நிலம் இழந்த ஒரு மக்களின் மண்ணில், நிலமே இல்லாத இன்னொரு மக்கள் குடியமர்த்தப்பட்டனர். பின்னாளில் இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஐயுற்று நோக்கியபோது, இலாபம் பெற்றவர்கள் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவத்தோடு திரும்பினர். புல் வேய்ந்த மண் குடிசைகளே அவர்களுக்குப் போதுமென்று கருதப்பட்டது. 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்ததும் நிலைமை மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. எனவே தொழிலாளியும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருத்தல் வேண்டும். அதன் விளைவே கல்லாலும் தகரத்தாலும் நிலைபெற்ற லயன். ஒரு குடும்பத்துக்கு, ஏறக்குறைய 12 அடிக்கு 10 அடியான ஒரு காம்பிரா. முன்னே ஓர் இஸ்தோப்பு. பல லயன்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இன்னொரு வரிசை. துரையின் பங்களா குன்றின் மேல், லயன் தாழ்வில். இந்த அமைப்பில் தற்செயலானது எதுவுமில்லை. உழைப்பவன் உறங்குவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டார்களேயன்றி, அவன் வாழ்வதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று எவரும் கணக்கிடவில்லை.

லயனைக் கிம்பர்லிக் கொட்டடியோடு முற்றாக ஒப்பிடுவது பொருந்தாது. இங்கே குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்தன. மேலே கம்பிவலை இல்லை. ஆயினும் பூட்டு வேறு வடிவத்தில் இருந்தது. துரை 'துண்டு' எழுதிக் கொடுத்தாலன்றி ஒரு தோட்டத்துத் தொழிலாளியை இன்னொரு தோட்டம் ஏற்காது. அம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது அத்துமீறல் என்ற சட்டம் தொழிற்சங்கத்தாரை நெடுங்காலம் வாசலிலேயே தடுத்தது. வேலை போனால் காம்பிராவும் போய்விடும் என்ற அச்சம் எல்லாவற்றுக்கும் மேலான பூட்டாக இருந்தது. இவற்றையெல்லாம் மீறி, 1940இல் பதுளைக்கு அருகே வெவஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமக்கென ஒரு குழுவைத் தெரிந்தெடுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றனர் என்றால், அவர்கள் பணயம் வைத்தது கூலியை மட்டுமன்று. தலைக்கு மேலிருந்த கூரையையும் அல்லவா?

தேனீயின் கூடு எவ்வளவு நுட்பமானதாயினும், மனிதன் கட்டுவதற்கு முன்னரே அதை மனத்தில் கட்டிவிடுகிறான். அங்கேதான் அவன் தேனீயிலிருந்து வேறுபடுகிறான் என்று மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். இதை அளவுகோலாகக் கொண்டு லயனைப் பார்ப்போம். மலையைக் குடைந்து பாதை போட்டதில், 1924இல் பதுளையை வந்தடைந்த இருப்புப்பாதையை அமைத்ததில், தொழிற்சாலைக்குக் கல் சுமந்ததில் இம்மக்களுடைய கைகளுக்கு இடமிருந்தது. மனத்தில் கட்டுவதற்கு மட்டும் இடமிருக்கவில்லை. தான் குடியிருக்கும் சுவரில் ஒரு சன்னல் வைக்க எண்ணினாலும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கையை வைத்துக்கொண்டு தலையை விலக்குவதே லயனின் தத்துவம். பிறகு, "இவர்களுக்குக் கட்டிடக்கலை இல்லை" என்று சொல்வது, ஒருவனுடைய நாவைக் கட்டிவிட்டு, அவன் ஊமை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆனால், உண்மையில் இல்லையா? சற்று நெருங்கிச் சென்று பாருங்கள். மகனுக்குத் திருமணமானதும் சாக்கும் பலகையும் கொண்டு ஒரு காம்பிராவை இரண்டாக்கிய தாய் அங்கே இருக்கிறாள். இஸ்தோப்பை அடைத்துப் படிக்கும் பிள்ளைக்கு இடம் செய்த தந்தை இருக்கிறார். பின்புறம் தகரம் சாய்த்துக் குசினி இறக்கி, புகை உறங்கும் அறைக்குள் வராதபடி செய்தவர்கள் இருக்கிறார்கள். கவ்வாத்து வெட்டிய மிலாறு நனையாமலிருக்க அடுப்புக்கு மேலே பரண் கட்டினார்கள், சாணமிட்டு மெழுகினார்கள், வாசலுக்கு அப்பால் ஒரு முழ நிலத்திலும் காய்கறி நட்டார்கள், மாடசாமிக்குக் கல் நட்டு, பின்னர் அதற்கொரு கூரை வேய்ந்து, கோயிலாக்கினார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத மாற்றங்கள் இவை. ஒரு தலைமுறை செய்ததை அடுத்த தலைமுறை கற்றுத் திருத்தியது. இதுவன்றோ கட்டிடக்கலை? மனிதன் தான் வாழுமிடத்தைத் தன் அறிவுக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றி, அவ்வறிவைப் பின்வருவோர்க்குக் கையளிப்பதே அக்கலையின் உயிர். அது மாளிகையில்தான் இருக்கும் என்பது மாளிகையில் இருப்போரின் அபிப்பிராயம்.

இவ்வாறு சொல்வதால் லயனை நாம் போற்றுகிறோம் என்று எவரும் கொள்ளலாகாது. வறுமையிலே வெளிப்பட்ட திறமையைக் கண்டு மெய்சிலிர்த்துவிட்டு, வறுமையை மறந்துபோகும் ஒரு வகை மனிதாபிமானம் உண்டு. அது நமக்கு வேண்டாம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மண்ணுள் போயின. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் உயிர்களைப் பலிகொண்டன.

மீரியபெத்தை மக்கள் எச்சரிக்கையைக் கேட்டும் ஏன் வெளியேறவில்லை என்று அன்று கேட்டவர்கள் உண்டு. எங்கே வெளியேறுவது? தனக்கென்று ஒரு பிடி நிலம் இல்லாதவனுக்கு, "இவ்விடத்தை விட்டுப் போ" என்பது எச்சரிக்கையாகாது. அது பொறுப்பைக் கைகழுவும் ஒரு வழியே. மண்ணின் இயல்பை அறிந்து, நீர் ஓடும் பக்கத்தை விலக்கி, உறுதியான இடத்தைத் தெரிந்து வீடெடுப்பது எல்லாப் பழைய சமூகங்களின் கட்டிடக்கலையிலும் முதற்பாடமாகும். அவ்விடத்தைத் தெரியும் உரிமை லயனில் வாழ்பவனுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. சரிவில் அவனை நிறுத்தியவர் வேறொருவர். சரிந்த மண்ணுக்கடியில் கிடந்தவன் அவன்.

இவ்வுரிமை ஏன் இத்தனை காலம் கிட்டவில்லை? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் இரு பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பகுத்தது. எந்தப் பக்கம் எழுதப்படுவோம் என்று அறியாதவன் சுவருக்கு அத்திவாரம் இடுவானா? 1970களின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோதும், 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனபோதும், லயனில் இருந்தவர்கள் குடியிருப்போராகவே இருந்தனர், உரியவர்கள் ஆகவில்லை. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டிய சட்டம் 2003இல்தான் வந்தது. தனி முகவரியில்லாமல், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்து சேரும் நிலை அதன் பின்னரும் பல தோட்டங்களில் தொடர்ந்தது. வேலைக்கான அழைப்புக் கடிதம் காலங்கடந்து கைக்கு வருவதன் வேதனையை மாணவ நண்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்று நிலைமை ஓரளவு மாறி வருகிறது என்பதை மறுக்கலாகாது. இந்திய அரசின் உதவியோடும் இலங்கை அரசின் திட்டங்களாலும், பதுளை மாவட்டத்திலும் 7 பேர்ச்சஸ் காணியில் ஏறத்தாழ 550 சதுர அடித் தனிவீடுகள் எழுந்துள்ளன. 120 சதுர அடியிலிருந்து 550 சதுர அடி என்பது சிறிய முன்னேற்றமன்று. ஆனால் பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் லயன்களிலேயே இருக்கின்றன. அத்துடன், வீடு கொடுப்பதும் கட்டும் உரிமையைக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. இங்கும் ஆபிரிக்க அனுபவம் நமக்கு வழிகாட்டுகிறது.

எகிப்தில் ஹசன் ஃபத்தி என்ற கட்டிடக்கலைஞர், 1940களின் பிற்பகுதியில், குர்ணா கிராமத்து ஏழைகளுக்காக மண் செங்கல்லால் ஒரு புதிய ஊரை அமைக்கத் தொடங்கினார். அவர் உள்ளன்பு கொண்டவர். கலை நுட்பம் கைவந்தவர். எனினும் அம்மக்கள் அங்கே குடியேற மறுத்தனர். அவர்களுடைய பிழைப்பு பழைய ஊரில் இருந்தது. அதை விட்டு வெளியேற்றும் முடிவை அவர்களைக் கேட்டு எவரும் எடுக்கவில்லை. ஜென்னேயில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். 1988இல் அந்நகரம் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட பிறகு, பழைய மண் வீடுகளை மாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. எங்கள் வீட்டுத் தரைக்கு ஓடு பதிக்கும் உரிமையும் எங்களுக்கு இல்லையா என்று அங்குள்ள சிலர் கேட்டனர். புதியதைத் திணிப்பதும் பழையதைத் திணிப்பதும், குடியிருப்பவனைக் கேளாதவிடத்து, ஒன்றேயாகும்.

இதற்கு மாறான வழியும் ஆபிரிக்காவிலிருந்தே வருகிறது. புர்கினா பாசோவின் கண்டோ என்ற கிராமத்தில் பிறந்த பிரான்சிஸ் கெரே, ஜெர்மனியில் கட்டிடக்கலை பயின்று, 2001இல் தம் ஊருக்கு ஒரு பாடசாலை கட்டினார். ஊராரே கட்டினர், பெண்கள் தரையைக் கொட்டி இறுக்கினர், பிள்ளைகள் கல் கொண்டுவந்தனர். உள்ளூர் மண்ணோடு சிறிது சீமெந்து சேர்த்துச் செங்கல் செய்தனர். மேலே போட்டது நமக்கு நன்கு பழக்கமான அதே தகரம்தான். ஆனால் அதை விட்டத்தின் மேல் நேரே அமர்த்தாமல் உயர்த்தி நிறுத்தினார். இடையே காற்று ஓடி வெப்பத்தை அகற்றியது. 2022இல் கட்டிடக்கலையின் மிக உயர்ந்த பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசு, முதன்முறையாக ஓர் ஆபிரிக்கருக்கு, அவருக்கே கிடைத்தது. பகலில் எரியும், இரவில் குளிரும், மழையில் பேச்சும் கேளாதபடி அடிக்கும் தகரத்தின் கீழ் பல தலைமுறை வாழ்ந்த நம்மவர்க்கு, அக்கூரையை எப்படித் திருத்த வேண்டும் என்று தெரியாமலா இருக்கும்? அவர்களை எவரும் கேட்கவில்லை, அவ்வளவே.

தமிழில் வீடு என்னும் சொல் 'விடு' என்ற அடியிலிருந்து பிறந்தது. அறம், பொருள், இன்பம் என்பவற்றின் முடிவில் நம் முன்னோர் வைத்த விடுதலைக்கும் அதுவே பெயர். களைத்து வந்தவன் பிறர் ஆணையிலிருந்து விடுபட்டு நிற்கும் இடமே வீடு. அந்த அளவில், பிறர் அனுமதியின்றி ஒரு சன்னலும் வைக்க முடியாத நான்கு சுவர், எவ்வளவு புதியதாயினும், எவ்வளவு வெள்ளை பூசப்பட்டதாயினும், இன்னும் வீடாகவில்லை. எனவே நம் கோரிக்கையும் தெளிவாக இருத்தல் வேண்டும். சரியாத நிலம், அந்நிலத்துக்குச் சட்டப்படியான உறுதி, தன் முகவரியில் தன் கடிதம், தன் வீட்டைத் தானே திட்டமிடவும் பெருக்கவும் உரிமை. இவை கருணையால் வழங்கப்படும் கொடைகள் அல்ல. இரு நூற்றாண்டு உழைப்புக்குத் தீராதிருக்கும் கடன்.

ஆசிரிய நண்பர்கள் செய்யக்கூடிய ஒரு காரியமும் உண்டு. லயன்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்படும் காலம் வரும், வரவேண்டும். அதற்கு முன்னர், நம் மாணவர் ஓர் அளவுநாடாவோடு தம் காம்பிராவை அளந்து வரையட்டும். இந்தத் தட்டியை யார் வைத்தார், இந்தக் குசினியை எந்த ஆண்டு இறக்கினீர்கள், ஏன் இறக்கினீர்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். தம்முடைய மதிலைத் தாம் கட்டவில்லை என்று பிறர் சொன்னதைப் பொய்யாக்கச் சிம்பாப்வே மக்கள் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டியவர்கள் இன்னும் உயிரோடு, அந்த இஸ்தோப்பிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.